குவே பந்து அனுப்பும் இடம்

எங்கள் அணிக்கு நான்கு பெயர்கள்.
சிமெண்டுக்காரர் வாங்கினார், சிமெண்ட் ஆனோம்.
வங்கி வாங்கியது, வங்கி ஆனோம்.
அரிசி ஏற்றுமதி செய்யும் ஒரு அம்மாள்
இரண்டே பருவம் எங்கள் மார்பில்
ஒரு நெற்கதிரைத் தைத்துவிட்டுப் போனார்.
பிறகு மறுபடி சிமெண்ட். வேறு சிமெண்ட்.
முதுகில் மட்டும் மாறவே இல்லை:
மாக் டின் குவே, 6.

நான் 9.
அறுபத்தொரு கோல். பதிவேட்டில் இருக்கிறது,
எண்ணிக்கொள்ளலாம்.
அவன் போட்டது மூன்று.
அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே.

நடுக்களம் என்றால் என்னவென்று
என் மகள் ஒரு நாள் கேட்டாள்.
நாம்தின் சந்தை முக்கைக் காட்டினேன்.
விளக்கு இல்லை, போலீஸ் இல்லை,
நாலு பக்கமிருந்தும் மோட்டார் சைக்கிள் வெள்ளம்.
தோளில் கம்பு, இரு முனையிலும் வாத்துக்கூடை,
ஒருத்தி நிற்காமல் ஓடாமல்
நடந்தே கடந்துகொண்டிருந்தாள்.
அவ்வளவுதான் என்றேன்.
“வாத்து?”
வாத்துதான் பந்து.

பந்து வருமுன் இரண்டு தடவை
தோளுக்குப் பின்னால் பார்ப்பான்,
பஸ்ஸில் செருப்பை விட்டுவிட்டு இறங்கியவன் போல.
நூடுல்ஸ் கடையிலும் பார்ப்பான்.
கல்யாணப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க
மாப்பிள்ளை மட்டும் பின்வரிசையில்
யார் காலியாக நிற்கிறார்கள் என்று தேடுகிறான்.
ஹங் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்,
வருகிறவர்களிடம் காட்டிச் சிரிக்க.

தேசிய அணியில் பதினொரு நிமிடம்.
வியந்தியான், மழை, ஏற்கெனவே மூன்று கோல் முன்னிலை.
ஒன்பது முறை பந்தைத் தொட்டான்.
ஒன்பதும் போக வேண்டிய காலுக்குப் போயின.
பிறகு யாரும் கூப்பிடவில்லை.
அந்த ஜெர்சியைத் துவைத்துக் காயப்போட்ட கொடியில்
எங்கள் காலுறைகளும் தொங்கின.

ப்ளெய்கூவில் செம்மண் தெறித்த சாயங்காலம்.
குளிர்பான மூடி திறந்த மாதிரி
சின்னதாக ஒரு சத்தம்.
அவன் முழங்கால் அது.
அந்த நொடியில் நான் பெட்டிக்குள் நின்று
கையைத் தூக்கிப் பந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
விழுந்தவனைப் பார்த்த பிறகும்
கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது.
தொலைக்காட்சிக்காரர்கள் மெதுவாகப் போட்டுக் காட்டியதில்
எனக்குத் தெரியும், எவ்வளவு நேரம் என்று.

ஏழு மாதச் சம்பள பாக்கிக்கு
மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் தந்தார்கள்.
நாங்கள் விற்றுத் தின்றோம்.
அவன் வீட்டுப் பின்புறம் ஒரு சுவர் எழுப்பினான்.
கட்டுப் பிரித்த காலால் அதில் அடிப்பான்,
சுவர் திருப்பிக் கொடுக்கும்.
“ஒன்பதை விட நல்ல ஆள்.
கோபமே வராது” என்றான்.

நான் ஹாய்ஃபோங் போனேன். காசு.
அடுத்த வருடம் எதிரெதிரே நின்றோம்.
நான் எங்கே ஓடுவேன் என்று எனக்குத் தோன்றுமுன்
அவன் அங்கே இருந்தான்.
நான்கு முறை என் காலிலிருந்து எடுத்தான்.
நான்கு முறையும் “மன்னிச்சுக்கோ” என்றான்,
அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது வியாழன் இரவுகளில்
பிளாஸ்டிக் புல்லில், ஏழு பேர் ஆட்டம்.
மாசித் தூறல் விளக்கடியில் மாவு போலச் சலிக்கிறது.
எனக்குத் தொப்பை. அவனுக்கு முழங்காலில் உறை.
தோற்றவர்கள் பீர் வாங்க வேண்டும்.
தோளுக்குப் பின்னால் இரண்டு பார்வை, பிறகு அனுப்புகிறான்:
இரண்டு தடுப்பாளருக்கு நடுவே, ஓசையில்லாமல்,
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய நான்
வந்து சேரும் இடத்துக்கு.

யாரும் இல்லாத அந்த இடத்தைத் தாண்டி
கோட்டைத் தாண்டி, கிழிந்த வலையைத் தாண்டி
உருண்டு போகிறது.

“அங்கேதானே இருப்பே” என்கிறான்,
குறை சொல்வது போல இல்லை.

கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு
நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு அடியில்
குனிந்து தேடுகிறேன்.
உள்ளே யாரோ கத்துகிறார்கள்,
சீக்கிரம், மணி ஆகுது.